அனுமதி வாங்கிய பாங்கு

உமேத் சிங்குக்குப் பாங்கு பயிரிட சர்க்கார் அனுமதி கொடுத்துவிட்டது என்று தெரிந்த அன்று என் கடையில் சிரிக்காதவர்கள் யாருமில்லை. ஜீப் டிரைவர் பிர்ஜுவுக்குச் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் ஆல்மோரா மலையில் பாங்கு என்கிற கஞ்சாச் செடி யாரைக் கேட்டுக்கொண்டு முளைக்கிறது? பாழடைந்த வீட்டு முற்றம், மாட்டுக்கொட்டிலின் பின்புறம், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் ஓரம் என்று மழை விழுந்தவுடன் தலை நீட்டிவிடும். விதையை வறுத்து அரைத்தால் துவையல். பாலெடுத்துச் சேப்பங்கிழங்கில் ஊற்றினால் குழம்பு. தண்டை ஓடையில் ஊறப்போட்டு உரித்தால் கயிறு. இலையைக் கசக்கிப் புகைக்கிறவனும் உண்டு, அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை.

"காஞ்சொறிக்கும் ஒரு அனுமதி வாங்கிரு உமேத்" என்றான் பிர்ஜு. "வேற எவனாவது முந்திக்கப் போறான்."

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றான் உமேத். சாதுவான மனிதன். கோபம் வந்தால்கூட காதுதான் சிவக்கும். என்னை அண்ணன் முறையில் தாஜ்யூ என்பான். "தாஜ்யூ, நீங்களாவது கேளுங்க. இது வேற பாங்கு. போதை கிடையாது. சர்க்கார் ஒப்புக்கிட்ட விதையைத்தான் போடணும். செடியை வெட்டி எடுத்துட்டுப் போய் சோதிப்பாங்க. நூத்துல புள்ளி மூணு பங்குக்கு மேல போதைச் சத்து இருந்தா மொத்த வயலையும் கொளுத்திருவாங்க. இல்லன்னா நாரு, விதை, தண்டு எல்லாத்தையும் டேராடூன் கம்பெனிக்காரன் எடுத்துக்குவான். அதுல துணி நெய்யுறான். வீட்டுச் சுவருக்குப் பலகை அடிக்கிறான்."

"போதையே இல்லாத பாங்கா?" என்றேன். "அப்ப நீதான் அது. பொருத்தமான ஆளுக்குத்தான் குடுத்திருக்காங்க."

இப்படி நான் கேலி செய்தாலும் அவன் எதற்கு இந்த வேலையில் இறங்கினான் என்று எனக்குத் தெரியும். மோட்டார் சாலை முடிகிற இடத்தில் கடை வைத்திருப்பவனுக்கு மலை மேலே நடப்பதெல்லாம் தெரிந்துதான் ஆக வேண்டும். உமேத் காசியாபாத்தில் மின்விசிறி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறையை மூடினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவன் மட்டும் சொந்த ஊரான சிலோட்டிக்குத் திரும்பி வந்து, அப்பன் வீட்டுக் கூரையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். மனைவி ஹன்சி வரவில்லை. சட்டைக்குக் காலர் தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை இருந்தது. "ஒரு விளைச்சல் நிக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான்.

சிலோட்டி என் கடைக்கு நேர் மேலே, செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. வீடுகள் நிறைய, பூட்டுகள் அதைவிட நிறைய. எல்லோரும் ஹல்த்வானி, தில்லி என்று இறங்கிப் போய்விட்டார்கள். அடுப்பெரிவது இரண்டே வீட்டில். ஒன்று உமேதுடையது. இன்னொன்று பனுலி போஜியுடையது.

பனுலி, உமேதின் பெரியப்பா மகனைக் கட்டியவள். அவன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. உமேதுக்கு அண்ணி முறை, அதனால் போஜி. ஆனால் இந்த மலையில் நான் உட்பட எல்லோருமே அவளை போஜி என்றுதான் கூப்பிடுவோம். கொழுந்தனை அவள் லல்லா என்பாள். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் கேலி பேசிக்கொள்ள எங்கள் பக்கம் தடையில்லை. அந்த உரிமையை போஜி கொஞ்சமும் வீணாக்கியதில்லை.

"சர்க்கார் விதைக்கு சர்க்காரே வந்து சாணி போடுமா லல்லா?" என்று அவளேதான் ஆரம்பித்தாள். உமேதிடம் மாடு இல்லை. போஜியிடம் ஒரு கறுப்புப் பசு இருந்தது, கொட்டிலுக்குப் பின்னால் எருக்குவியல் இருந்தது. முழங்கால் வலியோடு கூடை கூடையாய் முதுகில் சுமந்து அவன் வயலில் கொட்டினாள். எருவுக்கு யாரும் காசு வாங்குவதில்லை, கொடுப்பதும் இல்லை. கொட்டி முடித்த மாலை கீழே இறங்கி வந்து என்னிடம் டீ குடித்தாள்.

"என்ன போஜி, கொழுந்தன் பயிருக்கு இவ்வளவு பாடு?"

"பின்ன? அது விளைஞ்சாத்தான் ஹன்சி வருவாளாம். இவன்கூடப் பேசிப் பேசி என் நாக்கே மரத்துப் போச்சு சேட்டு. நான் ஒரு வார்த்தை சொன்னா 'ம்'ங்கிறான். நான் திட்டினாலும் 'ம்'ங்கிறான். செவுத்துக்கு மீசை வச்ச மாதிரி இருக்கான்."

என்னை அவள் சேட்டு என்றுதான் கூப்பிடுவாள். உப்பும் பீடியும் விற்கிறவனை சேட்டு என்று சொல்ல அவள் ஒருத்திக்குத்தான் மனம் வரும்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. மாலையில் மேலே ஒரு வாதுமை மரத்தடியில் மட்டும் போன் எடுக்கும். உமேத் அங்கே போய் ஹன்சிக்குப் போன் போடுவான். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதற்கு மேல் அவனுக்குப் பேசத் தெரியாது. "திதிகிட்டக் குடுங்க" என்பாள் ஹன்சி. போஜி அவளுக்கு அக்கா முறை, அதனால் திதி. போஜி வாங்கிக்கொண்டால் பேட்டரி இறங்கும்வரை பேச்சுதான். பசு கன்று போடாமல் ஏமாற்றுவது, காலர் கூடத்து மேஸ்திரியின் இரண்டாவது சம்சாரம், யார் வீட்டுக் கூரை இந்த மழைக்கு விழும், கொள்ளு வேக எத்தனை விறகு. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் வேடிக்கை பார்ப்பான். பொம்பளைகள் பேச்சு, அதில் தனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா, நானும்தான்.

மழை பிடித்துக்கொண்டது. சாலை இரண்டு இடத்தில் சரிந்தது. சரக்கு வராமல் நான் வெறும் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உமேதின் வயல் மட்டும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வளர்ந்தது. ஒல்லியாக, கிளைவிடாமல், நெருக்கமாக எழுந்து நின்றது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாலே அந்தப் பச்சை தனியாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் போஜி ஒரு நாள் வயலுக்குள் புகுந்து, ஒரு செடியை முறித்து, கசக்கி, மோந்து பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாளாம். உமேத் வந்து சொன்னபோது அவன் காது சிவந்திருந்தது.

"'லல்லா, உன் சர்க்கார் பிள்ளைங்களுக்கு நடுவுல என் பிள்ளைங்களும் நிக்குது பாரு'ங்கிறாங்க தாஜ்யூ. பார்த்தா ஆமா. குட்டையா, கிளை கிளையா, இலை கறுத்து, கிட்டப் போனாலே நாத்தம். நம்ம நாட்டுப் பாங்கு. வயல் முழுக்க ஊடாடி நிக்குது."

எரு செய்த வேலை. பாங்கு விதையைத் தட்டியெடுத்த பிறகு சக்கையை மாட்டுக்குப் படுக்கையாகக் கொட்டிலில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் தப்பிக் கிடந்த விதை சாணியோடு குவியலுக்குப் போய், கூடையில் ஏறி, அனுமதி வாங்கிய வயலுக்கு வந்துவிட்டது. இது சிலோட்டியில் பிறந்த எவருக்கும் தெரிய வேண்டிய விஷயம். எருச் சுமந்த அன்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போஜியே பிடுங்கினாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அட்டை ஏறிய காலோடு, வரிசை வரிசையாக. உமேத் பின்னால் போய்ப் பிடுங்கியதை அள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டுக் காயவிடாமல் புதைத்தான்.

அதற்குப் பிறகுதான் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. ஷூவுக்குள் அட்டை புகுந்தும் கத்தாத பெண். வயலைச் சுற்றிப் பார்த்தாள், நன்றாக வந்திருக்கிறது என்றாள். பாழடைந்த முற்றங்களில் முளைத்திருந்த பாங்கையெல்லாம் காட்டி, வயலைச் சுற்றி எங்குமே காட்டுச் செடியும் நாட்டுச் செடியும் இருக்கக் கூடாது, மகரந்தம் பறக்கும், அனுமதியில் அது விதி என்று பொறுமையாகச் சொன்னாள். போஜியின் கொட்டிலை ஒட்டி ஒரு பாத்தி நிறைய நாட்டுப் பாங்கு. அதைப் பார்த்து நின்றாள்.

"இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல மேடம். தானா முளைச்சது" என்றான் உமேத்.

"தானா முளைச்சது வரிசையா முளைச்சிருக்கு" என்றாள் அந்தப் பெண், சிரித்தபடியே. "மாதிரி எடுக்க அடுத்த மாசம் வருவேன். அப்ப இருக்கக் கூடாது. இப்ப ரிப்போர்ட்ல எழுதாமப் போறேன்."

கொட்டிலுக்குள் பால் கறந்துகொண்டிருந்த போஜிக்கு எல்லாம் காதில் விழுந்தது.

பூட்டின வீடுகளின் முற்றத்தையெல்லாம் உமேத் ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்தான். அடுத்தவர் வீட்டு வாசலில் இறங்கிச் செடி பிடுங்குவது சங்கடமாக இருந்தது என்றான். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினானாம். பிடுங்கிய பிறகு அந்த வீடுகள் இன்னும் வெறிச்சென்று ஆகிவிட்டன. செடி நின்றபோது பாழென்று மட்டும் தெரிந்தது. இப்போது யாரோ பெருக்கி வைத்துவிட்டு அப்போதுதான் போன மாதிரி இருந்தது என்று சொன்னான்.

போஜியின் பாத்தியை மட்டும் அவன் தொடவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. பசுவுக்கு உப்புக்கட்டி கொடுத்துவிட்டு வர நான் மேலே ஏறிய அன்று அவன் பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். போஜி உள்ளே களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்க வந்தவன் வாயைத் திறந்து கேளு லல்லா. நாலு நாளா இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டுப் போற. என் அழகைப் பார்க்கவா? அதுக்கு நீ முப்பது வருசம் லேட்டு."

"ஒண்ணுமில்ல போஜி."

"ஒண்ணுமில்லன்னா போய் ரொட்டி சுடு. சேட்டு, நீயே சொல்லு, இவனுக்கு என்ன வேணுமாம்?"

"எனக்கென்ன தெரியும் போஜி" என்றேன். "நான் உப்புக்காரன்."

அவள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். செடி அவள் தோளுக்கு வந்திருந்தது. பூ விட ஆரம்பித்திருந்தது.

"எங்க மாமியாளுக்கு என் மேல கோவம் வந்தா 'உன் வீட்டுல பாங்கு முளைக்க'ன்னு திட்டுவா. வீடு பாழாப் போகணும்னு அர்த்தம். 'நல்லது அத்தை, துவையலுக்கு ஆச்சு'ம்பேன் நான். இன்னும் எரிவா. இப்ப பாரு, வீட்டுக்கு வீடு முளைச்சுது. திட்டு இல்லாம, ஆள் இருந்து, ஆள் விதைச்சு முளைச்சது இந்த ஒரு பாத்திதான்." பிறகு உமேதைப் பார்த்தாள். "விதை முத்துறதுக்குள்ள பிடுங்கணுமா?"

"அடுத்த மாசம் வர்றாங்க போஜி."

"பிடுங்கினா பாஸாகுமா?"

"ஆகும்னுதான் சொல்றாங்க."

"பாஸானா ஹன்சி வருவாளா?"

"வர்றேன்னிருக்கா."

"அப்ப இதுக்கு எதுக்கு நாலு நாளு நின்ன? அறிவு கெட்டவனே, அன்னைக்கே கேட்டிருந்தா இடுப்பொடியக் களையாவது எடுக்காம இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து முதல் செடியைப் பிடுங்கினாள். உமேத் இறங்கிக் கைகொடுக்கப் போனான். "நீ தொடாதே" என்று அதட்டினாள். பாத்தி முழுவதையும் அவளே பிடுங்கினாள். நான் ஓரத்தில் நின்றேன். வருஷா வருஷம் அவளிடம் விதை வாங்கி விற்றவன் நான். அந்த வருஷம் விற்க எனக்கும் விதையில்லை.

ஆனால் அந்தப் பாத்திக்கு இன்னொரு உபயோகம் இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. போஜியின் மகன் கிர்தர் ருத்ராபூரில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. நல்ல பையன், அதுதான் தொல்லை. கெட்ட மகன் என்றால் அம்மா மேலேயே கிடக்கட்டும் என்று விட்டிருப்பான். இவன் வருஷத்துக்கு இரண்டு தடவை வண்டி பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா கிளம்பு" என்பான். "பாங்கு விதை பச்சையா இருக்குடா, எடுத்துட்டு வர்றேன்" என்பாள். எடுத்த பிறகு வந்தால், "இப்பத்தானே பசுவுக்குச் சக்கை பரப்பியிருக்கேன்" என்பாள். அவனும் இரண்டு கிலோ விதையை வாங்கிக்கொண்டு இறங்குவான். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மாதிரி எடுத்துக்கொண்டு போன பிறகு, நவராத்திரிக்கு முன்னால் அவன் வந்தான். அன்று உமேத், முடிவு வந்துவிட்டதா என்று கேட்க ஆல்மோரா போயிருந்தான். கிர்தர் மேலே போனவன் மத்தியானம் திரும்பி வந்தான். பின்னால் போஜி. பசுவைக் கீழூர்க்காரன் ஒருவன் முன்பே ஓட்டிக்கொண்டு போயிருந்தான். என் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள்.

"என்ன போஜி, திடீர்னு?"

"பையன் கேட்டான், இங்க உனக்கு இப்ப என்ன இருக்கும்மான்னு. யோசிச்சுப் பார்த்தேன் சேட்டு. வாயில ஒண்ணும் வரல."

"ஹன்சி வரப் போறாளே."

"வந்தா வரட்டும். வருவாளோ மாட்டாளோ, அதுக்காக இவனை எத்தனை தடவை வெறுங்கையோட அனுப்புறது? பசுவும் வத்திப்போச்சு. முழங்காலும் ஏறவா இறங்கவான்னு கேக்குது." டீயை ஊதினாள், குடிக்கவில்லை. "லல்லாகிட்டச் சொல்லிட்டுப் போகணும்னுதான் இருந்தேன். இல்லாததும் நல்லதுதான். 'ம்'னிருப்பான். சாவி அவன் வாசப்படியில இருக்கு."

கிர்தர் தன் நம்பரை என்னிடம் எழுதிக் கொடுத்தான். அம்மாவுக்கு யாராவது ஊர்ப் பேச்சு பேசினால் நன்றாக இருக்கும் என்றான். வண்டி போன பிறகு அவள் டீ அப்படியே ஆறிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? மேலேயிருந்து இறங்கி வந்து என்னைக் கேலி செய்ய இனி யாருமில்லை.

உமேத் சாயங்கால ஜீப்பில் வந்தான். சொன்னேன். "ம்" என்றான். "சாவியை மழையில வச்சிருப்பாங்களே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

அதன் பிறகு அவன் மரத்தடிக்குப் போய்ப் போன் போடுவதை விட்டுவிட்டு, தினமும் கடைக்கு வர ஆரம்பித்தான். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. தீப்பெட்டி என்பான், பையில் ஏற்கெனவே இரண்டு இருக்கும். ராத்திரி சிறுத்தை முற்றத்தில் நடப்பதைச் சொல்வான். காலையில் ரொட்டி சுட்டால் பழக்கத்தில் ஒன்று கூடப் போய்விடுகிறது, கறி சமைத்தால் உப்புச் சரியா என்று கேட்க ஆளில்லை என்பான். வாய் திறக்காத மனிதன் இவ்வளவு பேசியதை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள், "தாஜ்யூ, போஜி என்னை ஏதாவது திட்டிக்கிட்டே இருப்பாங்க. இப்ப நான் தப்பு செய்யுறேனா சரியா செய்யுறேனான்னே தெரியல" என்றான்.

முடிவு வந்தது. பயிர் தேறிவிட்டது. விதித்த அளவுக்கு ரொம்பக் கீழே இருந்ததாம் போதைச் சத்து. இந்த வட்டாரத்தில் முதல் ஆள் நீதான், அடுத்த வருஷத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கத் தடையிருக்காது என்று அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள். என் கடை வாசலில் நின்றபடி உமேத் ஹன்சிக்குப் போன் போட்டான். சந்தோஷத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டான்.

"தேறிருச்சு ஹன்சி! பயிர் தேறிருச்சு!"

"நிஜமாவா? ஐயோ, திதிகிட்டக் குடுங்க. அவங்க வாயால கேட்டாத்தான் நான் நம்புவேன்."

உமேத் என்னைப் பார்த்தான். "திதி... புல்லறுக்கப் போயிருக்காங்க."

"சரி, நாளைக்குப் பேசுறேன். தீபாவளி முடிஞ்சு கிளம்பிர்றேன். மேஸ்திரிகிட்டச் சொல்லிர்றேன். மெஷினையும் தூக்கிட்டு வந்துர்றேன்."

மறுநாள் போஜி தூங்குவதாகச் சொன்னான். அதற்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது என்றான், அப்புறம் நாளுக்கொரு சாக்கு. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏசினேன்.

"சொல்லித் தொலையேன்டா."

"சொன்னா வர மாட்டா தாஜ்யூ."

"வந்தா கண்ணு தெரியாமப் போயிருமா?"

"வந்து வயலைப் பார்க்கட்டும். பார்த்தா மனசு மாறும். விளைச்சல்தானே கேட்டா?"

தீபாவளிக்குப் பிறகு வெயில் சுள்ளென்று, காற்று சில்லென்று இருந்த ஒரு மதியம் ஹன்சி வந்து இறங்கினாள். பிர்ஜு ஜீப்பின் மேலேயிருந்து தகரப் பெட்டியையும் தையல் மெஷினையும் இறக்கினான். உமேத் அறுப்பில் இருந்தான், ஹாரன் சத்தம் கேட்டு வந்துகொண்டிருக்க வேண்டும். ஹன்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவனுக்கு அண்ணன் முறை என்பதால் என்னை ஜேட்ஜீ என்பாள். பைக்குள்ளிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினாள்.

"ஜேட்ஜீ, இது திதிக்குச் சரியா இருக்குமா? அளவு தெரியாம பின்னினேன். போன்ல கேட்டா, 'சணல் மூட்டைக்கு என்ன அளவோ அது'ங்கிறாங்க."

நான் அடுப்பைக் கிளறினேன். விறகு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

உமேத் மூச்சிரைக்க வந்தான். தலையெல்லாம் தூசி. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"திதி எங்க? முழங்கால் இறங்க விடலையா?" என்றாள்.

"இல்ல. அவங்க போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

"கிர்தர் கூட. ருத்ராபூருக்கு."

"எப்ப?"

"நவராத்திரிக்கு முன்னாடி."

ஹன்சி ஸ்வெட்டரை மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். "ஏன் போனாங்க?"

உமேத் மறைக்கவில்லை. எரு, பாத்தி, விதி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "பயிர் தேறிருச்சு ஹன்சி. ஒரு விளைச்சல் நிக்கட்டும்னே. நின்னிருச்சு. வந்து பாரு, ஒரு செடிகூடக் கலப்பில்ல" என்றான்.

"ஊருலயும் கலப்பில்லாம ஆக்கிட்டீங்க."

"உனக்குப் பயமா இருக்கா? கதவெல்லாம் புதுசா போட்டிருக்கேன்."

"பயமில்ல. சிறுத்தை வந்தா கதவைச் சாத்திக்கலாம். நீங்க நாருக்கு விலை பேச ஆல்மோரா போவீங்க, டேராடூன் போவீங்க. சாயங்காலம் திரும்பி வந்தாலும் நல்லா இருக்கியா, சாப்பிட்டியாம்பீங்க. அங்க நான் யாரோட பேசுவேன்? இந்த ஒரு வருசமா நான் யார்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்னு நினைச்சீங்க? உங்ககிட்டயா?"

உமேத் தலைத் தூசியைத் தட்டினான். அவள் என் பக்கம் திரும்பி, கிர்தர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். உமேதின் போனை வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன்.

போஜியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஹன்சியா? வந்துட்டியா? அடிப்பாவி, இப்பவா வர்ற?"

"வந்துட்டேன் திதி. நீங்களும் வந்துருங்க."

"எங்க வர? இங்க மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்த்த ஜன்னல்காரன் பல்லு விளக்குறான். பேரன் பேத்தி நல்லாத்தான் பார்த்துக்குறாங்க. ஆனா வந்து அங்க எதை அறுக்க? பசு இல்ல, பாத்தி இல்ல. எதுக்கும்மா போறன்னு பையன் கேப்பான். பேசுறதுக்குன்னா சொல்றது?"

"பாத்தியைப் போடுங்க. உங்க விதையையே போடுங்க."

"போட்டா லல்லாவோட அனுமதி போயிரும் புள்ள."

"போகட்டும். உருளைக்கிழங்கு போடுவாரு. நான் தைப்பேன். அவரே உங்களைக் கூப்பிட்டா வருவீங்களா?"

"அவன் கூப்பிட்டா வர்றேன்" என்றாள் போஜி.

ஹன்சி போனை உமேதிடம் நீட்டினாள். "கூப்பிடுங்க. வந்து உங்க பாத்தியைப் போட்டுக்குங்க போஜின்னு சொல்லுங்க."

உமேத் வாங்கிக்கொண்டான். அவனையும் நான் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை அலுவலகம், எத்தனை ஏற்றம். வாழ்நாளில் அவன் பேர் சொல்லி யாராவது பாராட்டியது இந்த ஒரு பயிருக்குத்தான். மேலே அந்தப் பயிர் பாதி அறுத்தபடி நின்றுகொண்டிருந்தது.

"போஜி, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன் லல்லா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

ஹன்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க குளிரு எப்படி?" என்றான்.

ஹன்சி எழுந்தாள். ஸ்வெட்டரைப் பையில் போட்டாள். தகரப் பெட்டியின் ஒரு காதைத் தானே பிடித்துத் தூக்கினாள். பிர்ஜு என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். தையல் மெஷினை அவன் மறுபடி மேலே ஏற்றிக் கயிறு போட்டான். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை. ஜீப் கிளம்பி வளைவில் திரும்பும்வரை உமேத் போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

"லல்லா, ஹன்சிகிட்டக் குடு" என்று போனில் குரல் வந்தது. "லல்லா?"

அவன் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சாலைக் கட்டையில் உட்கார்ந்தான்.

"நான்தான் போஜி, சேட்டு. ஹன்சி கிளம்பிட்டா."

"மேலயா, கீழயா?"

"கீழ."

அந்தப் பக்கம் யாருடைய வீட்டுக் குக்கரோ விசிலடித்தது.

"அப்ப மேல யாரு இருக்கா?" என்றாள்.

"உமேத் இருக்கான் போஜி" என்றேன்.